பினாங்கில் 2.5 டன் ஃபோர்க்லிஃப்ட்: எந்த பிராண்ட், உதிரிச் சாமான் யார் கையில்?

புக்கிட்மின்யாக்_ஸ்டோர்:
வணக்கம். புக்கிட் மின்யாக்கில் ஒரு கிடங்குக்கு மூன்று 2.5 டன் ஃபோர்க்லிஃப்ட் வாங்க வேண்டும். இரண்டு ஷிஃப்ட் வேலை. பேலட் எடை பெரும்பாலும் 1.2 டன், சில சரக்கு 1.8 டன் வரை வரும். ரேக்கின் மேல் தட்டு 4.2 மீட்டர். வாரம் பத்துப் பன்னிரண்டு கன்டெய்னர் இறக்க வேண்டும். ஏற்று மேடையில் பாதிக்குக் கூரை இல்லை, மழை நேராக விழும். டீசலில் டொயோட்டா, கொமாட்சு, சீனாவின் ஹாங்சா மூன்றுக்கும் விலை வாங்கியாகிவிட்டது. லித்தியம் பேட்டரி வண்டி ஒன்றுக்கும் கேட்டிருக்கிறோம். விலை வித்தியாசத்தைப் பார்த்தால் முதலாளிக்கு மனம் ஹாங்சா பக்கம் சாய்கிறது. பத்து வருடம் ஓட வேண்டிய வண்டி. எதை வைத்து முடிவு செய்வது?

நட்டு_போல்ட்டு:
பிராண்ட் பெயரைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், அண்ணே. இந்த அளவு டீசல் வண்டி என்ஜின் உடைந்து படுப்பது அபூர்வம். சின்னச் சாமானில்தான் படுக்கும். சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் போனால் போதும், ஓட்டுநர் உட்காரவில்லை என்று வண்டி நினைத்துக்கொண்டு நகரவும் நகராது, ஃபோர்க்கைத் தூக்கவும் தூக்காது. முன்பின் லீவர் சுவிட்ச், கியர் பாக்ஸ் சோலனாய்டு, ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் எல்லாம் இதே கதைதான். ஒரு சுவிட்சுக்காக மூன்று வாரம் நிற்கிற வண்டியை மலிவு என்று சொல்ல முடியாது.

அதனால் பத்துச் சாமான் பட்டியல் ஒன்று எழுதுங்கள்: சீட் சுவிட்ச், முன்பின் லீவர் சுவிட்ச், கியர் சோலனாய்டு, வாட்டர் பம்ப், ஸ்டார்ட்டர், டில்ட் சிலிண்டர் சீல் கிட், ஸ்டியரிங் சிலிண்டர் சீல் கிட், முன் ஹப் ஆயில் சீல், பிரேக் வீல் சிலிண்டர், மாஸ்ட் (ஃபோர்க் ஏறி இறங்கும் தூண்) ரோலர். விலைப்பட்டியல் கொடுத்த ஒவ்வொரு கம்பெனியின் சாமான் கவுன்டருக்கும் இதை அனுப்புங்கள். விற்பனையாளரிடம் கேட்க வேண்டாம், அவர் எல்லாம் இருக்கிறது என்றுதான் சொல்வார். கவுன்டரில் இருப்பவர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்வார்.

கேள்வி மூன்றுதான். பிறை கிளையின் அலமாரியில் இன்று இருப்பவை எவை? ஷா ஆலாமிலிருந்து இரவு லோரியில் மறுநாள் வருபவை எவை? வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை எவை? பத்தில் இரண்டுக்கு மேல் மூன்றாவது வகையில் விழுந்தால் அந்த வண்டியை நான் எடுக்க மாட்டேன், எந்த நாட்டுப் பிராண்டாக இருந்தாலும் சரி.

மெக்கானிக் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். பினாங்கு என்று அட்டையில் போட்டிருப்பார்கள்; பட்டறை தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸில் இருக்கும். மாலை ஐந்து மணிக்கு வண்டி படுத்தால் அவர் பாலத்தைத் தாண்டி உங்கள் பக்கம் வந்து சேர்வதற்குள் இரண்டாவது ஷிஃப்டில் பாதி போய்விடும்.

கிள்ளான்_கரை:
மேலே சொன்னது முழுக்கச் சரி. ஆனால் என்ஜினை அப்படியே விட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் சாமான் எளிதில் கிடைப்பதே என்ஜின் எது என்பதைப் பொறுத்ததுதான்.

டொயோட்டா 8 வரிசையில் 2.5 டன்னுக்கு அதிகம் வருவது 1டிஇசட் என்ஜின். பழைய பாணி மெக்கானிக்கல் பம்ப், டர்போ கிடையாது. ஷா ஆலாம், கிள்ளான் பக்கம் எந்தக் கடையிலும் ஓரிஜினல், மாற்றுச் சாமான் இரண்டும் கிடைக்கும். அதே வரிசையில் 2013-இல் வந்த 1இசட்எஸ் என்பது 1.8 லிட்டர், டர்போ, காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உயர் அழுத்தத்தில் டீசலைச் செலுத்தும் முறை). எண்ணெய்ச் செலவு குறைவு, ஆனால் டீசல் சுத்தமாக இருக்க வேண்டும், பழுது பார்க்கக் கருவி வேண்டும். இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான், அதனால் விலைப்பட்டியலில் எந்த என்ஜின் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

கொமாட்சுவில் வரும் 4டி94எல்இ யன்மார் குடும்பம். மிட்சுபிஷி எஸ்4எஸ் என்ஜின் மிட்சுபிஷி வண்டியிலும் கேட்டர்பில்லர் வண்டியிலும் ஒன்றே. டிசிஎம் வண்டியில் ஓடிய இசுசு சி240-ஐ இன்று சீன வண்டிகளிலும் பார்க்கலாம். கேஸ் வண்டி என்றால் நிசான் கே21, கே25 பல பிராண்டுகளில் ஓடுகிறது.

இன்னொன்று. பழைய நிசான், டிசிஎம் வண்டி வைத்திருப்பவர்கள் பிராண்ட் மறைந்துவிட்டது என்று பதற வேண்டாம். இரண்டும் 2013-இல் யூனிகேரியர்ஸ் ஆகி, 2017-இல் மிட்சுபிஷி லாஜிஸ்னெக்ஸ்டுக்குள் போய்ச் சேர்ந்தன. சாமான் எண்கள் அந்த வழியாகவே தொடர்கின்றன.

புக்கிட்மின்யாக்_ஸ்டோர்:
ஹாங்சா விலைப்பட்டியலை எடுத்துப் பார்த்தேன். என்ஜின் இடத்தில் இரண்டு தேர்வு: சீன சின்சாய் அல்லது ஜப்பானின் இசுசு சி240. இசுசு எடுத்தால் கூடுதல் விலை. அந்தக் கூடுதலுக்கு அர்த்தம் உண்டா?

கிள்ளான்_கரை:
உண்டு. சீன வண்டி எடுப்பதென்றால் ஜப்பான் என்ஜினோடு எடுங்கள். ஹாங்சா, ஹெலி இரண்டுமே 1950-களில் தொடங்கிய பழைய தொழிற்சாலைகள்; இரும்பு வேலையில் குறை சொல்வதற்கில்லை. மாஸ்ட், சேஸிஸ், எதிர்எடை (சுமையைச் சமன் செய்யப் பின்னால் இருக்கும் கனம்) நன்றாகவே இருக்கும். சி240-க்குக் கேஸ்கெட், பிஸ்டன் ரிங், நாசில், வாட்டர் பம்ப் எல்லாம் இந்த நாட்டில் சிரமம் இல்லாமல் கிடைக்கும்.

என்ஜினுக்கு வெளியேதான் கவனம் வேண்டும். வயரிங் கனெக்டர், மீட்டர் பேனல், சிலிண்டர் சீல், வேலி ஓரத்தில் நிற்கும் வண்டிக்கு பெயின்ட். கடற்காற்றும் மழையும் சேர்ந்தால் கனெக்டர் உள்ளே பச்சை பூத்துவிடும், அதன்பிறகு சம்பந்தமே இல்லாத கோளாறாகக் காட்டும். வண்டி வந்த முதல் வாரத்திலேயே கூரை இல்லாத பக்கம் போகும் வண்டியின் கனெக்டர்களைத் திறந்து மின்காப்பு கிரீஸ் வைத்துவிடுங்கள். அரை நாள் வேலை.

மீட்டர் பேனல், கன்ட்ரோலர் இரண்டும் தயாரித்த ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். ஒரே மாடல் பெயர், உள்ளே பிளக் வேறு. மூன்று வண்டியும் ஒரே தொகுதியில் வர வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். அப்போதுதான் ஒரு செட் சாமான் மூன்றுக்கும் பொருந்தும்.

ஆயில்_சீல்:
சின்சாய் என்றாலே ஆகாது என்று படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. ஒரு ஷிஃப்ட், நாளைக்கு மூன்று நான்கு மணி நேரம் ஓடும் வண்டிக்கு அது போதும். இரண்டு ஷிஃப்டில் மீட்டர் நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் 26 நாளில் 260 மணி. அதாவது 250 மணி சர்வீஸ் மாதம் ஒருமுறை வந்துவிடும், வருடத்துக்கு 3,000 மணியைத் தாண்டும். பத்து வருடக் கணக்கு போடும்போது இந்த மணி நேரத்தை வைத்துப் போடுங்கள்.

இந்த ஓட்டத்தில் எல்லா பிராண்டிலும் தவறாமல் வருகிற ஒரு பழுது உண்டு. பேலட்டில் சுற்றும் பிளாஸ்டிக் தாள் கிழிந்து தரையில் கிடக்கும், முன் சக்கரத்துக்கு உள்ளே சுற்றிக்கொள்ளும். ஹப் ஆயில் சீலை அறுக்கும். எண்ணெய் பிரேக் ஷூவில் ஊறும். ஒரு பக்கம் பிரேக் பிடிக்காமல் வண்டி மறுபக்கம் இழுக்கும். சீல் மட்டும் மாற்றி ஷூவைத் துடைத்துப் போட்டால் மறுபடி அதே புகார் வரும். ஊறிய ஷூ ஊறியதுதான், இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். அதே தாளும் தூசியும் ரேடியேட்டர் முகத்தில் ஒட்டினால் சூடேறும். வாரம் ஒருமுறை காற்றடிக்க வேண்டும், காற்று பாயும் திசைக்கு எதிர்ப்பக்கமிருந்து.

டீசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் டீசலில் செம்பனை எண்ணெய்க் கலப்பு உண்டு. 2019-இல் சாலை வண்டிக்கு பி10 (பத்து விழுக்காடு), தொழிற்சாலைக்கு பி7 (ஏழு விழுக்காடு) என்று வந்தது. இந்தக் கலப்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். டிரம்மை வெயில் மழையில் நிறுத்தி வைத்தால் அடியில் தண்ணீர் சேரும், சளி போல ஒன்று வளரும், ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். டிரம் கூரைக்கு அடியில் இருக்கட்டும். உறிஞ்சு குழாய் அடியைத் தொடாமல் ஒரு சாண் மேலே நிற்கட்டும். வண்டியின் நீர் பிரிப்பானை வாரம் ஒருமுறை திறந்து விடுங்கள். காமன் ரெயில் என்ஜின் எடுத்தால் இது கட்டாயம்.

48வோல்ட்:
லித்தியம் வண்டி பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு ஷிஃப்ட், கன்டெய்னருக்குள் போகும் வேலை என்றால் மூன்றில் ஒன்றாவது மின்சாரமாக இருக்கலாம். மூடிய கன்டெய்னருக்குள் டீசல் புகை யாருக்கும் நல்லதல்ல.

லெட் ஆசிட் பேட்டரி என்றால் எட்டு மணி நேரம் சார்ஜ், அதற்குப் பிறகு ஆற வேண்டும். இரண்டு ஷிஃப்டுக்கு ஒரு வண்டிக்கு இரண்டு பேட்டரியும் மாற்றுவதற்கு ஒரு மேடையும் தேவைப்படும். தண்ணீர் ஊற்றுவது சார்ஜ் முடிந்த பிறகு, தட்டு மூழ்கும் அளவுக்கு மட்டும். சார்ஜுக்கு முன் தளும்ப ஊற்றினால் ஆசிட் வழிந்து பெட்டியை அரிக்கும். முழு சார்ஜில் ஆசிட் அடர்த்தி 1.280 வர வேண்டும். சார்ஜை 80 விழுக்காட்டுக்கு மேல் செலவழித்து ஓட்டினால் ஆயுள் குறையும். 48 வோல்ட் என்றால் 24 செல். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் அளந்து எழுதி வைத்தால் எந்தச் செல் சாகப் போகிறது என்பது முன்கூட்டியே தெரியும்.

லித்தியத்தில் தேநீர் இடைவேளை, சாப்பாட்டு இடைவேளையில் சொருகினால் போதும், தண்ணீர் வேலை இல்லை. ஆனால் சாமான் ஆதரவு என்ற கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. பேட்டரிக்குள் அதைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை சார்ஜரோடும் வண்டியோடும் பேசிக்கொண்டே இருக்கும். அது பூட்டிக்கொண்டால் கம்பெனியின் லேப்டாப் இல்லாமல் யாரும் திறக்க முடியாது. அந்த லேப்டாப்பும் அதை இயக்கத் தெரிந்தவரும் பினாங்கில் இருக்கிறார்களா, இல்லை ஷா ஆலாமில் இருந்து வர வேண்டுமா? பேட்டரி உத்தரவாதம் எத்தனை வருடம், எத்தனை மணி நேரம், எது முதலில் முடிகிறதோ அதுவா? மாற்றுச் சார்ஜர் உடனே கொடுப்பார்களா? இதெல்லாம் எழுத்தில் வேண்டும். வண்டியின் மோட்டார் கன்ட்ரோலர் கர்ட்டிஸ், ஜாப்பி போன்ற வெளிச்சந்தைப் பெட்டியா, அந்தக் கம்பெனியின் சொந்தப் பெட்டியா என்றும் கேளுங்கள். வெளிச்சந்தைப் பெட்டியைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் அதிகம்.

கிடங்கின் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். 48 வோல்ட், 200 ஆம்ப் சார்ஜர் ஒன்று சுமார் 10 கிலோவாட் இழுக்கும். மூன்று கட்ட இணைப்பும் தனி ஐசொலேட்டரும் வேண்டும்.

புக்கிட்மின்யாக்_ஸ்டோர்:
பழைய லெட் ஆசிட் வண்டி வாங்கி லித்தியம் பேட்டரி மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது சரிவருமா?

48வோல்ட்:
எடையைப் பார்க்காமல் செய்யவே கூடாது. மின்சார வண்டியில் பேட்டரியும் எதிர்எடையின் ஒரு பகுதி. பெயர்ப்பலகையில் குறைந்தபட்ச பேட்டரி எடை என்று ஓர் எண் இருக்கும். லித்தியம் அதே திறனுக்கு எடை குறைவு. குறையை இரும்புத் தட்டு வைத்து நிரப்பவில்லை என்றால் சுமையோடு பிரேக் பிடிக்கும்போது பின் சக்கரம் தூக்கும்.

சுமைப்பலகை:
எடை பற்றிய பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2.5 டன் வண்டி 2.5 டன் தூக்கும் என்பது சுமையின் மையம் ஃபோர்க்கின் முகத்திலிருந்து 500 மில்லிமீட்டரில் இருக்கும்போது, அதுவும் அடிப்படை மாஸ்டில். உயர மாஸ்ட் போட்டு, அதன்மேல் சைட் ஷிஃப்டரும் (ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நகர்த்தும் இணைப்பு) மாட்டினால் 4.2 மீட்டரில் தூக்கக்கூடியது குறைந்துவிடும். உங்களுக்கு 1.8 டன் வரும் என்கிறீர்கள். ஒவ்வொரு விலைப்பட்டியலிலும் அந்த மாஸ்ட், அந்த சைட் ஷிஃப்டரோடு, அந்த உயரத்தில் எத்தனை கிலோ என்று எழுதி வாங்குங்கள். வண்டியில் வரும் சுமைப்பலகையிலும் அதே எண் இருக்க வேண்டும். பிற்பாடு வேறு இணைப்பு மாட்டினால் பலகையும் மாற வேண்டும்.

கன்டெய்னர் வேலைக்கு மாஸ்ட் வகை பிராண்டை விட முக்கியம். சாதாரணக் கன்டெய்னரின் கதவு உயரம் சுமார் 2.28 மீட்டர், உள்ளே 2.39. இறக்கிய மாஸ்டும் தலைக்காப்பும் கதவுக்கு அடியில் போக வேண்டும், மேடைத் தட்டின் சரிவில் வண்டி ஏறும் கோணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இரண்டு கட்டச் சாதாரண மாஸ்டில் ஃபோர்க் கொஞ்சம் ஏறியதுமே உள் மாஸ்ட் மேலே கிளம்பிவிடும், கூரையில் இடிக்கும். மூன்று கட்ட முழு ஃப்ரீ லிஃப்ட் மாஸ்ட் கேளுங்கள்; அதில் உள் மாஸ்ட் கிளம்பாமலே ஃபோர்க் ஏறும். கதவுக்கு அடியில் போகும் அளவுக்கு இறங்கி, 4.2 மீட்டர் தட்டுக்கும் எட்டுவது அதுதான். ஃபோர்க் உயரம் 4.5 மீட்டர் இருந்தால் பேலட்டைத் தூக்கி வைக்க இடம் கிடைக்கும்.

பாதுகாப்புச் சாதனத்திலும் வித்தியாசம் உண்டு. டொயோட்டாவில் எஸ்ஏஎஸ் என்று ஒன்று வரும். வளைவில் வண்டி சாயப் போகிறது என்று உணர்ந்தால் பின் அச்சு ஆடுவதைப் பூட்டி வண்டியைத் தாங்கும். வேகமாக வளைக்கும் ஓட்டுநர்கள் உள்ள இடத்தில் இதற்கு மதிப்பு அதிகம். பராமரிப்பில் அதன் சென்சார்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நட்டு_போல்ட்டு:
ஜெர்மன் பிராண்டான லிண்டே பற்றியும் யாராவது கேட்பார்கள். நல்ல வண்டி. கியர் பாக்ஸ் இல்லை, டார்க் கன்வெர்ட்டர் இல்லை, எல்லாம் ஹைட்ராலிக் பம்பும் மோட்டாரும். நாள் முழுக்க முன்னும் பின்னும் போகும் வேலைக்கு அதை மிஞ்சுவது கடினம், பிரேக் தேய்மானமும் மிகக் குறைவு. ஆனால் அதன் எண்ணெயும் ஃபில்டரும் கறாராக மாற்றப்பட வேண்டும், பழுதென்றால் அந்தக் கம்பெனி மெக்கானிக் மட்டும்தான். சர்வீஸ் ஒப்பந்தத்தோடு எடுத்தால் எடுங்கள். ஊர்ப் பட்டறையை நம்பி எடுக்காதீர்கள்.

ஆயில்_சீல்:
இதில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. டொயோட்டாவுக்கு யுஎம்டபிள்யூ, மற்றவர்களுக்கு அவரவர் முகவர் என்று எல்லாருக்கும் ஆள் இருக்கிறார்கள். ஒரே இடத்தில் மூன்று வண்டி ஓடும்போது முகவர் ஒருவரையே சார்ந்திருப்பதில் பலமும் உண்டு: பழுதின் முழு வரலாறு ஒரு கோப்பில் இருக்கும். ஊர்ப் பட்டறை மூன்று பேர் கை வைத்த வண்டியில் யார் எந்த வயரை வெட்டி இணைத்தார்கள் என்று தேடுவதிலேயே நாள் போகும். உத்தரவாதக் காலம் முடியும்வரை முகவர், அதற்குப் பிறகு டயர், ஹோஸ், பிரேக் மட்டும் வெளியே என்பதுதான் என் கணக்கு. ஹோஸ் எந்த பிராண்டுக்கும் பிறையிலேயே அழுத்தித் தருவார்கள், அதற்கு முகவர் தேவையில்லை.

நட்டு_போல்ட்டு:
ஒப்புக்கொள்கிறேன், அண்ணே. லிண்டேவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒப்பந்தம் இல்லாமல் வேண்டாம் என்கிறேன்.

ரீகான்_கண்:
மூன்றும் புதிதாக வாங்கக் காசு போதவில்லை என்றால் ஒன்று ஜப்பான் ரீகான் (அங்கே ஓடிப் புதுப்பித்து வந்த பழைய வண்டி) எடுக்கலாம். ஆனால் மணி மீட்டரை நம்பாதீர்கள், அதை மாற்றுவது சுலபம். இரும்பு பொய் சொல்லாது. 2.5 டன் ஃபோர்க்கின் தடிமன் புதிதில் பொதுவாக 40 மில்லிமீட்டர். குதிகால் வளைவுக்கு அருகில் காலிப்பர் வைத்துப் பாருங்கள். 36-க்குக் கீழே போயிருந்தால் பத்து விழுக்காடு தேய்ந்துவிட்டது, ஃபோர்க்கைக் கழித்துவிட்டுப் புதிது போட வேண்டும். மாஸ்ட் செயினுக்கு 15.875 மில்லிமீட்டர் பிட்ச் (கண்ணிக்குக் கண்ணி இடைவெளி) என்றால் 20 கண்ணி புதிதில் 317.5. சுமையோடு இழுத்து நிற்கும்போது அளந்து 327 வந்தால் மூன்று விழுக்காடு நீண்டுவிட்டது. அளக்கும் இடம் புல்லியின்மேல் ஓடும் பகுதியாக இருக்கட்டும், நுனியில் அளந்தால் தேய்மானம் தெரியாது.

பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். கிங்பின் (பின் சக்கரம் திரும்பும் முளை) ஆடினால் அந்த வண்டி கிரீஸ் பார்த்தே பல காலம் ஆகியிருக்கும். பிறகு முழுச் சுமையோடு ஃபோர்க்கை உயர்த்தி என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். 100 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் சிலிண்டர் பேக்கிங் அல்லது கன்ட்ரோல் வால்வு கசிகிறது. மாஸ்ட் முன்னால் சாய்கிறதா என்றும் அதே நேரத்தில் பார்க்கலாம். சாலிட் டயர் அதன் தேய்மான எல்லையான 60ஜே கோடு வரை தேய்ந்திருந்தால் புது டயர் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள், முன்னால் 7.00-12, பின்னால் 6.00-9 என்பது இந்த அளவுக்கு வழக்கமான டயர், எங்கும் கிடைக்கும்.

புக்கிட்மின்யாக்_ஸ்டோர்:
மிக்க நன்றி. பத்துச் சாமான் பட்டியலை மூன்று கவுன்டருக்கும் அனுப்பிவிட்டேன். ஒரு கவுன்டரில் இருந்து எல்லாவற்றுக்கும் விலையோடும் நாளோடும் பதில் வந்திருக்கிறது. இன்னொன்று வண்டியின் சீரியல் எண் இல்லாமல் சொல்ல முடியாது என்கிறது. இது தட்டிக்கழிப்பதா, உண்மையிலேயே தேவையா?

கிள்ளான்_கரை:
உண்மையிலேயே தேவை. டொயோட்டாவில் மாடல் பெயருக்கு முன்னால் வரும் இரண்டு இலக்கம்கூட என்ஜினைப் பொறுத்து மாறும். அதை விட்டுவிட்டால் வேறு வாட்டர் பம்ப் வந்து சேரும். சீரியல் கேட்கிற கவுன்டர் வேலை தெரிந்த கவுன்டர். விற்பனையாளரிடம் அவர்கள் ஏற்கெனவே இந்தப் பக்கம் கொடுத்த அதே மாடல், அதே ஆண்டு வண்டி ஒன்றின் சீரியலை வாங்கி அதை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அப்படி ஒரு வண்டியே பினாங்கில் ஓடவில்லை என்றால் அதுவும் உங்களுக்குத் தேவையான பதில்தான்.

ஆயில்_சீல்:
ஒப்பந்தத்தில் இவற்றையும் சேர்த்துவிடுங்கள். அழைத்த எத்தனை மணி நேரத்தில் மெக்கானிக் வருவார், இரவு ஷிஃப்டுக்கும் அது பொருந்துமா. 24 மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் மாற்று வண்டி, அதே மாஸ்ட் உயரத்தோடு. மூன்று மீட்டர் மாஸ்ட் வண்டியைக் கொண்டுவந்து விட்டால் உங்கள் மேல் தட்டுக்கு எட்டாது. தவறான பயன்பாடு என்று எதைச் சொல்வார்கள் என்பதற்கு வரையறை. ஒவ்வொரு சர்வீஸிலும் செயின், ஃபோர்க் அளவு எண்ணாக எழுதிக் கையெழுத்து. ‘சரி’ என்று கோடு போட்டால் ஏற்கக் கூடாது. சீட் சுவிட்ச் ஒன்று, ஹப் ஆயில் சீல் ஒரு ஜோடி, ஃபேன் பெல்ட் ஒன்று, ஃபில்டர் இரண்டு செட் உங்கள் ஸ்டோரிலேயே இருக்கட்டும்.

புக்கிட்மின்யாக்_ஸ்டோர்:
சரி. மாற்று வண்டியின் மாஸ்ட் உயரம் மூன்று ஒப்பந்தத்திலும் இல்லை, இப்போதுதான் பார்த்தேன். திங்கட்கிழமை அதைச் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.